செர்ரிப் பூவுக்கு நாதஸ்வரம்

பங்குனி பிறந்தால் போதும், எங்கள் வீட்டுக்காரருக்குக் கால் தரையில் நிற்காது. தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலையில் மருந்து கலந்து கொடுப்பவர் அவர். மனசெல்லாம் துரை பங்களா முன்னால் நின்ற செர்ரி மரத்தில்தான் இருக்கும். துரைசாணிக்கு இருமல் மருந்து கொண்டுபோகிற சாக்கில் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். நுவரெலியாக் குளிரில் இலையே இல்லாமல் பூத்து நிற்கும் அந்த மரம். ஒரு நல்ல மழை பெய்தால் அதோடு சரி.

"காய்ச்சலோட வந்து நிக்கிற சனத்த விட்டுட்டு மரத்தப் படம் புடிக்கப் போறீங்களாக்கும்" என்பேன். சிரித்துக்கொண்டே போய்விடுவார். நான் தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர். எனக்குக் கோபம் சட்டென்று வரும் என்பது என் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும், இவருக்கு மட்டும் தெரியாது.

அந்த மரத்தை நட்டவர் என் மாமனார். காலம் முழுக்க பங்களாத் தோட்டக்காரராக இருந்தவர். கால் இரண்டும் விழுந்துபோய், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் படுத்த படுக்கையானார். பூ வந்துவிட்டதா என்று அதையேதான் கேட்டுக்கொண்டிருப்பார். தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாமா என்று ஆபீஸ் பெரிய கிளாக்கர் மூலம் துரையிடம் கேட்டோம். "வேலைய விட்டவனுக்கு பங்களாவுல என்ன சோலி?" என்று பதில் வந்தது. மாமாவிடம் நாங்கள் அதைச் சொல்லவில்லை. எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது. பூவைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அந்தப் படத்தையெல்லாம் பெருசாக் காட்ட முடியாதாங்க?" என்று நானே கேட்டேன்.

அட்டன் டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்தவர் படங்களைக் கண்ணாடித் துண்டுகளில் பதித்துக் கொடுத்தார். இவர் ராப்பகலாக உட்கார்ந்து பூவுக்கெல்லாம் ரோசா நிறம் பூசினார். சர்ச்சில் வேதக்கதைப் படம் காட்டும் விளக்குப் பெட்டியை உபதேசியார் இரவல் தந்தார். கோயில் கிராமபோனும் வந்து சேர்ந்தது. மொட்டுக்கு வீணை, பாதி விரிந்த பூவுக்கு வயலின், மரம் முழுக்கப் பூத்ததற்கு நாதஸ்வரம் என்று இசைத்தட்டுகளையும் எடுத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட ஜன்னல்களில் சாக்கைக் கட்டி இருட்டாக்கினோம். வெள்ளை வேட்டிதான் திரை. லயத்துச் சனம் தரையில் உட்கார்ந்தது. பின்னால் நாற்காலியில் மாமா.

வீணையும் வயலினும் நன்றாகத்தான் போயின. முழு மரமும் திரைக்கு வந்தபோது நாதஸ்வரம் தொடங்கியது. அது திருவிழாவில் சாமி கோயிலை விட்டுப் புறப்படும்போது வாசிக்கிற மல்லாரி. காதுக்கு நன்றாயிருக்கிறது என்று இவர் எடுத்து வைத்திருந்தார். சனம் மொத்தமும் எழுந்துவிட்டது. தலைப்பாகைகள் அவிழ்ந்தன, கைகள் குவிந்தன. யாரோ ஒருத்தி குலவை போட்டாள். மாமாவுக்கு முன்னால் வெறும் முதுகுகள்தான் தெரிந்தன.

"உக்காருங்க, மாமாவுக்கு மறைக்குது" என்று கத்தினேன்.

"சாமி பொறப்படறப்ப எப்படிங்க டீச்சர் உக்கார்றது?" என்றார் பூசாரி. அவர் சொன்னதிலும் தப்பில்லை.

இத்தனை பாடுபட்டும் மாமா பார்க்காமலே போய்விடுவாரோ என்று எனக்கு அழுகை முட்டியது. அப்போது, திருவிழாவில் சாமி தூக்குகிற ஆட்கள் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். ஆளுக்கொரு காலாக நாற்காலியைப் பிடித்து, மாமாவைத் தோளுக்கு ஏற்றினார்கள். மல்லாரிக்கு எப்போதும் நடக்கிறபடியே மெல்ல ஆடி ஆடி நடந்தார்கள். சனம் விலகி வழிவிட்டது. வெளிச்சத்தை மறைக்காமல் ஓரமாகக் கொண்டுபோய் திரைக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

மாமா பார்த்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, அவர் துடைக்கவில்லை. தட்டு முடிந்து ஊசி கரகரத்தது. அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"வடக்குப் பக்கத்துக் கொப்ப எவன்டா வெட்டுனது?"

"தொரதாம்ப்பா வெட்டச் சொன்னாரு. சன்னல மறைக்குதாம்" என்றார் இவர்.

"தொரைக்கு என்னடா தெரியும்? பூக்குற கொப்புல இனிமே கத்திய வைக்கக் கூடாதுன்னு நாஞ் சொன்னேன்னு போய்ச் சொல்லு."