கண்ணாடியில் பதிந்த ரேகை

கீரனூரில் எங்கள் வீட்டு மேசைமேல் மைக்ராஸ்கோப் ஒன்று உண்டு. வெங்காயத் தோல், குளத்துப் பாசி என்று என் மனைவி எதையாவது வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள். கண்ணாடித் தகட்டின் நடுவில் அவள் கைரேகை விழும்.

"ஓரத்துல பிடின்னு எத்தனை தடவை சொல்றது?" என்று கத்துவேன்.

"ரேகையும் அழகாத்தாங்க இருக்கு. பாருங்க" என்பாள். நான் பார்த்ததில்லை.

அவள் இறந்த பிறகுதான் பார்த்தேன். உழுத வயல்போல வளைந்து வளைந்து ஓடியது. தினமும் பார்த்தேன்.

கருமாதிக்கு முன்னால் தங்கை வந்து வீட்டையே கழுவிவிட்டாள். "அந்தக் கண்ணாடியெல்லாம் ஒரே அழுக்குண்ணே. சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்."

"சரிம்மா" என்றேன்.

இப்போதும் அந்தத் தகட்டை வைத்துப் பார்க்கிறேன். வெறும் வெளிச்சம்தான் தெரிகிறது. ஆனாலும் ஓரத்தில்தான் பிடிக்கிறேன். நடுவில் என் விரல் படவிடுவதில்லை.