குறுக்குச் சுவர்

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. பெரம்பலூரிலிருந்து குரும்பலூர் போகிற வழியில், மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது.

வீடு என்றதும் நீங்கள் நினைக்கிற மாதிரி இருக்காது. என் கணவர் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் பல வருடம் வேலை பார்த்தவர். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து, சிமென்டும் கம்பியும் இல்லாமல் மண்கல்லும் சுண்ணாம்பும் வைத்தே ஒரு வீடு கட்டப்போகிறேன் என்றார். பாண்டிச்சேரிப் பக்கம் போய்க் கற்றுக்கொண்டு வந்து, ஆட்களோடு தானும் மண் மிதித்துக் கட்டினார். ஒரே ஒரு பெரிய வட்ட அறை. அதன்மேல் தூணோ உத்திரமோ இல்லாத குவிமாடம், உச்சியில் ஒரு கண்ணாடி. உள்ளே ஒரு குறுக்குச் சுவர்கூடக் கிடையாது. சமையல் ஒரு ஓரம், படுக்கை ஒரு ஓரம். ஒரே குடும்பத்துக்குள் மறைக்க என்ன இருக்கிறது என்பார்.

அவர் கோயிலுக்குப் போகாதவர். கண்ணாடி வழியாகத் தரையில் விழும் வட்ட வெளிச்சத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தால் கூப்பிட மனம் வராது. எனக்கு அந்த நிம்மதி ஒருநாளும் கிடைக்கவில்லை. கரண்டி கீழே விழுந்தால் சத்தம் தலைக்கு மேல் சுற்றும். புடவை மாற்றக் குளியலறைக்குத்தான் ஓட வேண்டும். சொந்தக்காரர்கள் இதைக் கவிழ்த்துவைத்த சட்டி என்று சிரித்தபோது நானும் கூடச் சிரித்திருக்கிறேன்.

அந்த ஆடியில் அவருக்கு வயிற்றுவலி வந்தது. திருச்சியில் பார்த்தோம். கணையத்தில் கட்டி. டாக்டர் என்னையும் என் தம்பியையும் தனியாக அழைத்து, இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவரிடம் அல்சர் என்று சொல்லிவிட்டோம்.

காற்று வரட்டும் என்று கட்டிலை அடுப்படிக்கு நேர் எதிரே, ஜன்னல் ஓரமாகப் போட்டேன். அரியலூரிலிருந்து தம்பி அடிக்கடி வருவான். நாங்கள் அடுப்படித் தரையில் உட்கார்ந்து, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கிசுகிசுவென்று பேசுவோம். டாக்டர் போனில் சொன்னது, யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், எங்கே கொண்டுபோய் எரிப்பது, எல்லாம் அங்கேதான். ஒருநாள் அவன், அப்புறம் நீ என்னக்கா பண்ணுவ என்று கேட்டான். உள்ளே கிடந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன்.

“இது வூடே இல்லடா, சமாதி. அவரு போனதும் பூட்டிட்டு வந்துடுவேன். ஒருநா கூட இதுக்குள்ள தனியா கெடக்க மாட்டேன்.”

அதற்கு அடுத்த வாரம் என் கணவர் தம்பியிடம் ஒரு கொத்தனாரைக் கூட்டிவரச் சொன்னார். அறைக்கு நடுவில் ஒரு சுவர் வைக்க வேண்டுமாம், அதுவும் சிமென்ட் கல்லில். வலிமாத்திரை இப்படிப் பேசவைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கேட்டதற்கு, உனக்கென்று ஒரு ரூம் வேண்டாமா என்றார். வாசலில் கல் வந்து இறங்கியது. அமாவாசை கழித்து ஆரம்பிப்பதாகக் கொத்தனார் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் திருச்சியில் காலேஜ் படிக்கும் மகள் லீவுக்கு வந்திருந்தாள். ஒரு மத்தியானம் அவரை வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, கட்டிலுக்கு விரிப்பு மாற்றினேன். அசதி. அப்படியே அவர் இடத்தில் தலையைச் சாய்த்தேன். கண் சொருகும் நேரத்தில் காதுக்குள் என் மகள் பேசினாள்.

“மாமா, அப்பா தீபாவளி வரைக்கும் இருப்பாரா?”

பதறி எழுந்து பார்த்தேன். பக்கத்தில் யாருமில்லை. அறையின் அந்தக் கோடியில், அடுப்படித் தரையில், அவளும் தம்பியும் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நான் தலையைத் தூக்கியதும் குரல் நின்றுவிட்டது. மறுபடி தலையை வைத்தேன். தம்பியின் கிசுகிசுப்பு, அவன் மூக்கை உறிஞ்சுவது உட்பட, என் தலைமாட்டில் கேட்டது. குவிமாடம் அந்தப் பக்கத்துப் பேச்சை வாங்கி இந்தப் பக்கம் இறக்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் சொன்னது. எரிக்கிற இடம். சமாதி. எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது.

வெளியே போய் அவர் நாற்காலி ஓரமாகத் தரையில் உட்கார்ந்தேன். “கட்டில்ல படுத்தா அடுப்படியில பேசுறது கேக்குதுங்க” என்றேன்.

அவர் சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ம்” என்றார்.

“எப்பலேர்ந்து?”

“ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னிக்கே.”

ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

“அங்க அழுவுற. மூஞ்சியக் கழுவிட்டு, சிரிச்சிகிட்டே கஞ்சி கொண்டாற. அவ்ளோ செரமப்பட்டு சிரிக்கிறவகிட்ட எனக்குத் தெரியும்னு எப்படிச் சொல்றது?”

பிறகு வாசலில் கிடந்த கல்லைக் காட்டி, “எனக்குப் புடிச்ச மாதிரியே கட்டிட்டேன். உன்ன ஒரு வார்த்த கேக்கல. ஒரு செவுரு வச்சிட்டா மத்த வூடு மாதிரி ஆயிடும். பூட்டிட்டுப் போயிடாத” என்றார்.

போகமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு என்னால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. “செவுரு வேணாங்க. நான் பேசுறது உங்களுக்குக் கேக்கணும்” என்றேன். சாயங்காலமே தம்பி கொத்தனாருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகு நாங்கள் எதையும் மறைக்கவில்லை. மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். எங்கே எரிக்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார். ஆனால் முகத்துக்கு நேரே அவரால் சொல்ல முடியாதது ஒன்று இருந்தது. நான் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அது அடுப்படிக்கு வந்து சேர்ந்தது.

“பயமாருக்கு.”

திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து, நானும் சுவரைப் பார்த்தபடி, எனக்கும்தான் என்றேன். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் பேசிக்கொண்டோம். கல்யாணம் ஆன நாளிலிருந்து பேசாததை எல்லாம் பேசினோம். முன்பெல்லாம் அவர் அந்த வட்ட வெளிச்சத்தில் உட்கார்ந்து எதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போது லேசாகப் புரிந்தது. முழுதாகப் புரிந்தது என்று சொன்னால் அது பொய்.

தீபாவளிக்கு முன்பே போய்விட்டார். காரியம் முடிந்ததும் நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குத்தான் போனேன். சில மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தேன். இப்போது இந்த வீட்டில்தான் இருக்கிறேன். மூச்சு முட்டுகிற நாட்களும் உண்டு.

உடம்பு முடியாதவர்களைப் பார்க்கப் போனால், வீட்டுக்காரர்கள் என்னைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்துவார்கள். எதுவானாலும் படுத்திருப்பவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசுங்கள் என்று சொல்லிவிடுவேன். சிலர் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். என் கணவர் செத்ததைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். சுவரே இல்லாத ஒரு வீட்டில், அவர் உயிரோடு இருக்கும்போதே அவரை நாங்கள் தனியாக விட்டிருந்தோம் என்பதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.