என் வளையல்களைப் போட்டுக்கொண்டு நின்றவர்

சென்ற வியாழக்கிழமை காலை, தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்த என் கணவரைப் பக்கத்து வீட்டுக்காரர் வாசலிலேயே நிறுத்தினார். அவர் வீட்டுத் தொலைபேசிக்கு லாலாகுடாவிலிருந்து செய்தி வந்திருந்தது. ருக்மணி அக்கா விடியற்காலையில் காலமாகிவிட்டார். மாரடைப்பு. பால் காய்ச்ச அடுப்படிக்குப் போனவர் அங்கேயே சரிந்துவிட்டாராம்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் எனக்கு உறவில்லை. ஹைதராபாத்தை ஒட்டிய லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் பிறந்தவர். வட ஆற்காட்டிலிருந்து பட்டறை வேலைக்கு வந்த குடும்பம். அவருடைய கணவர் சண்முகம் அண்ணன் எங்கள் பொதுத்துறைத் தொழிற்சாலையில் ஃபோர்மேன். என் கணவர் இன்ஜினீயர். எழுபதுகளின் கடைசியில் லிபியாவில் ஒரு மின் நிலையம் நிறுவும் வேலைக்கு இருவரையும் அனுப்பினார்கள். கடலோரச் சிற்றூர். அங்கே தமிழ்ப் பெண்கள் நானும் அக்காவும்தான்.

ஒளிக்காமல் சொல்கிறேன், ஹைதராபாத்திலேயே இருந்திருந்தால் அவரோடு நான் பழகியிருக்கமாட்டேன். பி.ஏ. படித்தவள் என்ற தலைக்கனம். வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’, ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’ என்று அவர் பேச்சில் கலக்கும் தக்கணி உருது என் காதுக்குக் கொச்சையாகப் பட்டது. ஆனால் போய் இறங்கிய முதல் வாரம், நான் ஜன்னல் திரையை விலக்கவே பயந்து உட்கார்ந்திருந்தபோது, அக்கா தன் வீட்டுச் சொந்தக்காரியான ஜமீலா என்ற லிபியப் பெண்ணின் சமையலறையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன பாஷையிலக்கா பேசினீங்க?” என்று கேட்டேன்.

“மாவு பிசையறதுக்கு இன்னாம்மா பாஷை?” என்றார்.

அடுத்த வருடம் நான் உண்டானேன். அதற்கு முன் இரண்டு தடவை கலைந்திருந்தது. திருநெல்வேலியிலிருந்து அம்மா கடிதம் எழுதியிருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பை விட்டுவிடாதே, பிள்ளை பெற்றவள் கையால்தான் வளையல் போட வேண்டும், பிரசவம்வரை கழற்றாதே, ஒன்றுகூட உடையக் கூடாது. அந்தக் கடிதத்தை அக்காவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். முடித்த பிறகுதான் உறைத்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாகியும் அவருக்குக் குழந்தை இல்லை.

அக்கா முகம் மாறவில்லை. “அதுக்கு இன்னா? ஜமீலா ஏழு பெத்தவ. அவ போடட்டும்” என்றார். தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய புடவைத் துணியில் சுற்றிவைத்திருந்த கண்ணாடி வளையல்களை எடுத்தார். சார்மினார் பக்கம் லாட் பஜாரில் வாங்கியது. யாருக்காக வாங்கி அவ்வளவு தூரம் சுமந்து வந்தார் என்று நான் கேட்கவில்லை.

வளைகாப்பன்று ஜமீலா மிரண்டுபோனாள். பிறக்காத குழந்தைக்குக் கொண்டாட்டமா, கண் பட்டுவிடுமே என்று சைகையால் தவித்தாள். அக்கா மையை எடுத்து என் கன்னத்தில் பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தார். ஜமீலாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது; சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். அக்கா ஒவ்வொரு வளையலாக எடுத்துக் கொடுக்க, ஜமீலாதான் போட்டுவிட்டாள். ஒன்றைக்கூட அக்கா என் கையில் ஏற்றவில்லை.

எட்டாம் மாதக் கடைசியில் எனக்கு ரத்தப் போக்கு ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எகிப்துக்காரர், நர்ஸ் பல்கேரியாக்காரி. உடனே அறுவை செய்ய வேண்டும், வளையல்களை எடுத்துவிடுங்கள் என்றார் டாக்டர். என் கைகள் வீங்கிக் கிடந்தன. நர்ஸ் உடைத்தெடுக்க இடுக்கி கொண்டுவந்தாள். நான் இரண்டு கைகளையும் முதுகுக்கு அடியில் ஒளித்துக்கொண்டேன். இரண்டு போனது போதாதா, மூன்றாவதும் போக வேண்டுமா என்று கத்தினேன். என் கணவர் கெஞ்சினார். டாக்டர் கடிகாரத்தைக் காட்டினார்.

அக்கா சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தோடு நர்ஸை விலக்கிக்கொண்டு வந்தார்.

“யாரும் உடைக்கமாட்டாங்க. நான் கழட்டறேன், குடு கையை.”

“கழட்டவே கூடாதுக்கா!”

“கழட்டிக் கீழ வெச்சாத்தானே? என் கையில போட்டுக்கறேன். குழந்தை அழற சத்தம் கேக்கற வரைக்கும் ஒண்ணுகூட உடையாது.”

குழந்தையில்லாதவர் கையிலா என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டார். ஒரு கணம் அவர் கை நின்றது.

“நீ இன்னா நினைக்கிறேன்னு தெரியுது. இன்னைக்கு நக்கோ. நாளைக்கு நினைச்சுக்கோ” என்றார்.

பிறகு சோப்பு நுரையைத் தடவித் தடவி, கீறல்கூட விழாமல் ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் கையில் ஏற்றிக்கொண்டார்.

அப்புறம் நடந்ததை என் கணவர் சொல்லித்தான் தெரியும். சுவரில் பட்டுவிடக் கூடாதென்று நடைபாதையின் நட்டநடுவில், இரண்டு கைகளையும் முன்னால் ஏந்தியபடி அக்கா நின்றாராம். நர்ஸ் நாற்காலி போட்டும் உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தபோதும் கையை மடக்கவில்லை. என் மனதில் ஓடியதைப் படித்துவிட்டு, அந்த வளையல்களையே போட்டுக்கொண்டு, எனக்காக அப்படி நின்றிருக்கிறார். அப்படிப்பட்ட ஒரு மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பெண் குழந்தை பிறந்தது. வளையல்களைப் பார்த்தோ என்னவோ, நர்ஸ் குழந்தையை நேரே அக்காவிடம்தான் நீட்டியிருக்கிறாள். அக்கா பின்னால் நகர்ந்துவிட்டாராம். “பெத்தவ கண்ணு முழிக்கட்டும். அவ குடுத்து நான் வாங்கிக்கறேன்.”

மாலையில் எனக்கு நினைவு திரும்பியது. அக்கா வந்து வளையல்களை என் கையில் திரும்பப் போட்டுவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குழந்தையைப் பார்த்தார். அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், “எடுத்துக்கோங்க அக்கா” என்று சொல்ல எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அம்மா சொல்லி வளர்த்ததெல்லாம் தடுத்தது. மூன்றாம் நாள் சொன்னபோது, அப்போதுதான் வந்தவரைப்போல ஆசையாக வாங்கி அணைத்துக்கொண்டார். ஊர் திரும்பி இத்தனை வருடத்தில் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

வியாழக்கிழமை மதியம் லாலாகுடா வீட்டில் கூட்டம் நெரிந்தது. சடங்கு செய்ய வந்த பெரியவர், “பெத்த பிள்ளைங்க இருந்தா முதல்ல வந்து வாய்க்கரிசி போடுங்க” என்றார். சண்முகம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

“இருக்கா” என்றேன் நான்.

பத்து வயதாகும் என் மகளை முன்னால் நகர்த்தினேன். நான் எதைக் கேட்டாலும் தெலுங்கில் பதில் சொல்கிறவள் அவள். “நேனா, அம்மா?” என்று நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆமாம், நீதான். போ.”

அவள் பிஞ்சுக் கை நிறைய அரிசியை அள்ளிக்கொண்டு அக்காவின் முகத்தருகே மண்டியிட்டாள்.

அக்கா, அன்று இவளை உங்களிடம் கொடுக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. இந்த முறை ஒரு நொடிகூட ஆகவில்லை. என்னை மன்னித்துவிட்டுப் போய் வாருங்கள்.