ரெண்டு கை உப்பு

பண்டிகை நாளில் சமையல் முடிந்து கையைக் கழுவுகிற நேரத்தில் வாசலில் நாலு பேர் வந்து செருப்பைக் கழற்றினால் என்ன செய்வது? கோசுமல்லிதான். பாசிப்பருப்பை ஊறப்போடு, வெள்ளரிப்பிஞ்சைப் பொடியாக அரி, கேரட்டைத் துருவு, தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டு எலுமிச்சம்பழம் பிழி, கடுகு தாளித்துக் கொட்டு. அடுப்பு வேலை அந்தத் தாளிப்போடு சரி. உப்பை மட்டும் இலை போடும்போதுதான் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் வெள்ளரி தண்ணீர் விட்டுக்கொண்டு கொழகொழவென்று ஆகிவிடும். என் மகள்கள் போன் பண்ணிக் கேட்டால் இதை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவேன். நான் மட்டும் செய்வதில்லை. ஏன் என்று கேட்டால் பல் சரியில்லை என்பேன். பல்லெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம். ஆரணியில் என் மாமியார் வீட்டில் மூன்று தறி. நான் மூத்த மருமகள். கொழுந்தனுக்குக் கல்யாணமாகி ஓரகத்தி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கொழுந்தனுக்கு செய்யாரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. அங்கே தனியாக ரூம் எடுத்து, ஓட்டலில் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு நாள் பஸ் பிடித்து வருவான். அவளை அங்கே அனுப்பச் சொல்லி அவன் கேட்காத வாரமில்லை. அவளும் ஒரு பம்ப் ஸ்டவ்வும் ரெண்டு தட்டும் வாங்கிக் கட்டிலுக்கடியில் தயாராக வைத்திருந்தாள். மாமியார்தான் பிடி கொடுக்கவில்லை. "ஒழுங்கா சோறாக்க கத்துக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்.

அந்த ஆயுதபூஜைக்குத் தறிகளைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. பொங்கல், வடை, சுண்டல் எல்லாம் தயார். அப்போது பார்த்து களம்பூரிலிருந்து மாமியாரின் அண்ணன் குடும்பத்தோடு வந்து இறங்கினார். இருக்கிற பதார்த்தம் போதாது என்று மாமியாருக்குக் கை கால் ஓடவில்லை. ஓரகத்தியைக் கூப்பிட்டார்.

"ஜல்தியா ஒரு கோசுமல்லி, ஒரு தயிர்ப்பச்சடி பண்ணுடி. உன் கைப்பக்குவத்த எங்கண்ணனும் பாக்கட்டும். நல்லா இருந்திச்சின்னா தீபாவளி முடிஞ்சதும் நீ செய்யாருக்குக் கெளம்பலாம்."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அரிவாள்மணையில் வெள்ளரிப்பிஞ்சு அப்படிப் பறந்தது. நான் வடைச்சட்டியை இறக்கிக்கொண்டே பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இல்லை. அவள் வருவதற்கு முன் ஐந்து வருஷம் அந்த வீட்டு வேலையை ஒண்டியாக இழுத்தவள் நான். தண்ணீர் தூக்குவதிலிருந்து தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுவது வரை. அவள் வந்த பிறகுதான் மத்தியானம் அரைமணி நேரம் காலை நீட்டிப் படுக்கிறேன். இவள் போய்விட்டால் பழையபடி நான்தானே என்று மனசு கணக்குப் போட்டது.

கலந்து முடித்துவிட்டு அவள் இலை போட எழுந்து போனாள். படைக்க நேரமாகிறது என்று கூடத்திலிருந்து ஒரே சத்தம். கோசுமல்லி கலந்து வைத்திருந்த அன்னக்கூடையைப் பார்த்தேன். சொட்டுத் தண்ணீர் விடவில்லை. உப்பு போடவில்லை, பதற்றத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். வாயில் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் படைக்கிறதுக்கு முன்னால் ருசி பார்த்தால் எச்சில். குழந்தை அழுதாலும் ஒரு வடை கொடுக்க மாட்டார்கள். ஜாடியைத் திறந்து ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுக் கிளறினேன். சத்தியமாக நல்லதுக்குத்தான் செய்தேன். அதுவரைக்கும் என் மேல் தப்பில்லை.

அவள் எழுந்து போகும்போதுதான் ஒரு கை போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

படையல் முடிந்து பந்தி உட்கார்ந்தது. களம்பூர் மாமா கோசுமல்லியை வாயில் வைத்தார். மென்றதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தண்ணீர்ச் செம்பைத் தேடினார். மாமியார் தன் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இன்னாடி இது? இந்தக் கைய வச்சிகினுதான் தனிக்குடித்தனத்துக்குத் துடிக்கறியா? எம்புள்ள ஓட்டல்லியே துன்னட்டும். உசுராவது மிஞ்சும்."

"இல்லீங்கத்தை, நான் ஒரு கைதான்…" என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. எனக்கு அப்போதுதான் விளங்கியது. "நான்தான் அத்தை தெரியாம போட்டுட்டேன்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் முடிந்தது. எனக்கு என்ன, நாலு திட்டு விழும். ஐந்து வருஷமாக வாங்காத திட்டா? நான் குனிந்து அடுத்த இலைக்கு ரசம் ஊற்றினேன். கை நடுங்கியது உண்மை. ஆனால் உள்ளுக்குள் என்னமோ ஒன்று நிம்மதியாக உட்கார்ந்ததும் உண்மை.

தீபாவளி போனது, பொங்கல் போனது. அவள் போகவில்லை. கொழுந்தன் வந்து போகிற நாளெல்லாம் பஸ் சத்தம் அடங்கும்வரை அவள் வாசலிலேயே நிற்பாள். பிறகு வந்து மாவாட்டுவாள். நான் மத்தியானம் படுத்தேன். தூக்கம் வரவில்லை, ஆனாலும் படுத்தேன்.

ஒரு வருஷம் கழித்து, கொழுந்தனுக்கு மஞ்சள்காமாலை வந்த பிறகுதான் மாமியார் இறங்கி வந்தார். அவளை ஏற்றிவிட பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் போனேன். டிரைவர் இன்ஜினைக் கிளப்பிவிட்டார். அவள் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அன்னிக்கி நீங்க உப்பு ஜாடிய மூடினத நான் கூடத்துல எல போட்டுகினே பாத்தேன். பச்சடிக்குப் போடறீங்கன்னு நெனச்சிகினு இருந்தேன். பந்தியிலதான் புரிஞ்சிச்சி."

நான் இன்னொரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்திச்சிக்கா. உங்க கை நடுங்கிச்சி பாருங்க, அத்தைக்கு நீங்களும் என்னை மாதிரிதானே பயப்படறீங்கன்னு விட்டுட்டேன். அதையே மனசுல வச்சிகினு இருக்காதீங்க. பயத்துக்கு என்ன பண்ண முடியும்?"

பஸ் நகர்ந்தது. கூடவே நாலு எட்டு நடந்தேன். பயமில்லைடி, நீ போகக் கூடாது என்றுதான் வாயை மூடினேன் என்று சொல்ல அந்த நாலு எட்டு போதும். சொல்லவில்லை. இன்றைக்கும் எங்கே பார்த்தாலும் அவள் தன் பிள்ளைகளிடம், "உங்க பெரியம்மா ரொம்ப பயந்த சுபாவம்" என்றுதான் என்னைப் பற்றிச் சொல்கிறாள். நானும் தலையாட்டுகிறேன்.