பிளாஸ்க் மூடித் தண்ணீர்

கொள்ளிடத்தில் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கப் போகிறேன் என்று தம்பி சொன்னதும் எனக்கு வந்ததே ஆத்திரம்! "ஏன்டா, ஒரு தடவ வாங்குனது பத்தலையா?" என்று கத்தினேன். வரதராசன்பேட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. அம்மா உடைத்துக்கொண்டிருந்த முந்திரிக்கொட்டையைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவனையும் சும்மா திட்ட முடியாது. அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவன், குடித்தே அழிந்துபோயிருப்பான். முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற சபைக்காரர்கள்தான் வீடு தேடி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஜெபம் பண்ணிப் பண்ணி அவனை மீட்டார்கள். நம்ம கோயிலிலிருந்து ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை. அதனால் சபை பாஸ்டர், "கொழந்தைல தலையில ஊத்துனதெல்லாம் செல்லாது, தெரிஞ்சு முங்குறதுதான் ஞானஸ்நானம்" என்று சொன்னதை இவன் அப்படியே நம்பிவிட்டான்.

அம்மாவை அது ஏன் அப்படிச் சுட்டது என்று எனக்குத் தெரியும். தம்பி தனியாகப் பிறந்தவன் இல்லை, இரட்டை. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் மாசம் நிறையும் முன்னாலேயே இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். பிழைப்பது கஷ்டம் என்று டாக்டரம்மா சொல்ல, அப்பா பங்குச் சாமியாரைக் கூட்டிவர பஸ்ஸுக்கு ஓடினார். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், எங்கள் ஆட்களுக்கு அது தெரியும். அம்மா படுத்தபடியே தண்ணீர் கேட்டாள். பிளாஸ்க் மூடியில் வெந்நீரை ஊற்றி, ஊதி ஊதி ஆற்றிக் கொடுத்தது நான்தான். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லி, அந்த ஒரே மூடித் தண்ணீரை இரண்டு தலையிலும் ஊற்றினாள். சாமியார் வருவதற்குள் சின்னவன் போய்விட்டான்.

அந்தத் தண்ணீரை நம்பித்தான் அம்மா இத்தனை வருஷத்தை ஓட்டியிருக்கிறாள். "சின்னவன் ஆண்டவர்கிட்ட பத்திரமா இருக்கான், அவரு வாக்கு மாற மாட்டாரு" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாற்றுத்துணிப் பையோடு தம்பி கிளம்பினான். அம்மா வாசலில் மறித்துக்கொண்டு நின்றாள்.

"நீ போயி முங்கிருவ. சின்னவனுக்கு யாருடா மறுபடி ஊத்துறது?"

அவன் முகம் செத்துப்போனது. ஆனாலும் ஆற்றங்கரைக்குப் போகிற திருமானூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டான்.

மதியம் திரும்பி வந்தான். அம்மா ஓடிப்போய் அவன் தலையைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. முழங்கால் தண்ணீர்வரை இறங்கினானாம், பெயரைக் கூப்பிட்டதும் கரையேறி வந்துவிட்டானாம். இத்தனை பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டாய், இனி சபைப் பக்கம் வராதே என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். சபையும் போயிற்று, நம்ம கோயில் பூசைக்கும் வரமாட்டான். மறுபடி பாட்டிலைத் தொட்டால் யார் வந்து பக்கத்தில் உட்காருவார்கள்?

அம்மா சந்தோஷப்படுவாள் என்று அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவளோ நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

"நீ முங்கியிருந்தாலும் ஆண்டவர் வாக்கு அழிஞ்சிருக்காதுடா. சின்னவனுக்குக் குடுத்தத அவரு திருப்பி வாங்கிக்க மாட்டாரு. நாந்தான் பயந்துட்டேன்."

தம்பி பையைக் கீழே வைத்தான்.

"இத காலையிலயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"