முதலாளிகள் பக்கம் பேசவேண்டிய பிள்ளை

பஸ்ஸின் மேல்தட்டில் ஏறியதும் தலைகளை எண்ணிவிடுவது என் வழக்கம். அன்று காலை செவன் கிங்ஸ் நிறுத்தத்தில் என்னோடு சேர்த்து ஐந்து பேர். பக்கத்தில் இரவு ஷிப்ட் முடித்த காவலாளி ஒருவர். சிவந்த கண்கள், முழங்கை தேய்ந்த கறுப்புக் கோட்டு. பஸ் அட்டையை வரிவரியாகக் கீழே நகர்த்தியபடி, உதடசைய ஒரு பள்ளிப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தார்.

“ஐயா தமிழ்தானே? இதைக் கேளுங்கோ. அமெரிக்காவில அடிமையளை வச்சிருந்தவங்கள், சனத்தொகையில அவையளையும் முழுசா எண்ணு எண்டுறாங்கள். அடிமை வச்சிராத மற்றப் பக்கம் எண்ணவே வேண்டாமாம். என்ன கூத்து?”

தலைக்கணக்குப்படிதான் அந்த நாட்டுச் சட்டசபையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இடங்கள். வோட்டே இல்லாத அடிமைகளை எண்ணினால் அவர்களின் முதலாளிகளுக்கே கூடுதல் இடம் என்றேன். கடைசியில் ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணச் சம்மதித்தார்கள் என்றும் சொன்னேன்.

“மகள் இண்டைக்கு வகுப்பு விவாதத்தில முதலாளியளின்ர பக்கம் பேசவேணுமாம். ஏலாது, பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு அழுறாள்.”

புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, மகளுக்குப் போன் எடுத்தார்.

“பிள்ளை, போய்ப் பேசம்மா. அவையளும் முழு ஆக்கள்தான் எண்டு அடிச்சுச் சொல்லு. அப்ப ஏன் அவைக்கு வோட் இல்லை எண்டு ஆராவது கேப்பினம். நீ பதில் சொல்லாமல் இருந்திடு. தோத்தால் தோத்துப்போ. அப்பா உனக்குச் சாப்பிட ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வாறன்.”

புத்தகத்தைக் கோட்டுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். பிறகு அவரைக் காணவில்லை. அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்காமல், பிள்ளை முதலாளிகளுக்காக வென்றுவிட்டிருந்தால் என்ன செய்திருப்பாள் என்பதுதான் எனக்கு இன்னும் கவலை.