மன்னிக்காமலே தூக்கு வேண்டாம் என்றவர்

பாப்பிரெட்டிப்பட்டி தாலுகா அலுவலகத்தில் ஒரு பட்டா மாறுதல் உத்தரவைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. அழைத்தவர் நர்ஸம்மாவின் மகன் சரவணன். அவர் எண் என்னிடம் வெகுநாளாக இருந்தாலும் அவராக என்னை அழைத்தது அதுதான் முதல் தடவை.

"அம்மா காலைல போய்ட்டாங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு எடுக்கறோம்," என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உங்களுக்குச் சொல்லணும்னு ஆஸ்பத்திரில இருக்கும்போதே சொல்லி வச்சிருந்தாங்க. வாங்க," என்றார்.

ருக்குமணி நர்ஸம்மாவைப் பாப்பாரப்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர் குறைவு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக இருந்தவர். இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் ஊசி போட்டிருப்பார். உங்கள் பிள்ளைகளை எடை போட்டு, எடை குறைந்திருந்தால் உங்களைத் திட்டியிருப்பார். அந்த நர்ஸம்மாவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் எழுதுவதற்குக் காரணம் வேறு. அவருடைய கணவரையும் நாத்தனாரையும் கொன்றவன் என் தம்பி மாதேஷ்.

நர்ஸம்மாவின் கணவர் சின்னசாமி அண்ணன் பாப்பாரப்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். மாதேஷ் அங்கே நான்கு வருடம் வேலை பார்த்தான். அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறான். குடி முற்றியதால் அண்ணன் அவனை வேலையை விட்டு நிறுத்தினார். போலியோ சொட்டு மருந்து முகாம் நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நர்ஸம்மா வீட்டில் இருக்கமாட்டார் என்று தெரிந்துகொண்டு நகையைத் தேடிப் போனான். அண்ணன் வீட்டில் இருந்தார். நடக்க முடியாமல் கட்டிலில் கிடந்த அவருடைய அக்காவும் இருந்தார். சத்தம் போட்டது அந்த அக்காதான். இரண்டு பேரையும் கொன்றுவிட்டான். முகாம் முடிந்து மருந்துப் பெட்டியோடு திரும்பிய நர்ஸம்மாதான் முதலில் பார்த்தார்.

எங்களால் அந்த ஊரில் இருக்க முடியவில்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு அதியமான்கோட்டையில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தர்மபுரியில் தீர்ப்புச் சொன்ன நாளில் நீதிமன்ற வளாகம் நிறைய ஆட்கள். மரண தண்டனை என்று தெரிந்ததும் வெளியே யாரோ வெடி வெடித்தார்கள். சரவணனின் நண்பர்கள் லட்டு கொடுத்தார்கள். என் அம்மா ஒரு புங்க மரத்தடியில் அப்படியே சரிந்து விழுந்தார். சுற்றி நின்றவர்கள் விலகிக்கொண்டார்களே தவிர ஒருவரும் குனியவில்லை. நான் அம்மாவின் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு கை வந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தது. நிமிர்ந்து பார்த்தால் நர்ஸம்மா.

"காலைல ஏதாச்சும் சாப்புட்டாங்களா?"

"இல்லீங்க."

"சர்க்கரை இருக்குதா?"

"இருக்குதுங்க. மாத்திரை போட்டாங்க."

"வெறும் வயித்துலயா? படிச்ச புள்ளை தானே நீ?" என்று அதட்டிவிட்டு, யாரோ அவர் கையில் திணித்திருந்த லட்டை உடைத்து, கண் திறந்த அம்மாவின் வாயில் வைத்தார். அம்மாவுக்கு அவர் யார் என்று அப்போது புரியவில்லை. புரிந்திருந்தால் விழுங்கியிருக்கமாட்டார். நாடித்துடிப்பு சீரானதும் நர்ஸம்மா எழுந்து போனார். சரவணன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். அந்தத் தீர்ப்பைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அவன் செத்தால் எங்கள் மேல் ஒட்டிய அசிங்கமும் அவனோடு போய்விடும் என்று நினைத்தேன். வீட்டில் அம்மாவிடமே அதைச் சொன்னேன். அன்று முழுவதும் அவர் என்னிடம் பேசவில்லை.

இரண்டு வாரம் கழித்து நர்ஸம்மாவைப் பார்க்கப் போனேன். தூக்குத் தண்டனை எப்படியும் உயர் நீதிமன்றத்தின் ஒப்புதலுக்குப் போகும். நாங்களாக வக்கீல் வைத்து எதிர்த்து வாதாடப்போவதில்லை என்று சொல்லி வரலாம் என்பது என் எண்ணம். அதை ஒரு பரிகாரமாக மனதில் வைத்திருந்தேன். வாசலிலேயே காலில் விழப் போனேன்.

"எந்திரி. இதெல்லாம் எனக்குப் புடிக்காது."

"மன்னிப்புக் கேக்க வந்தேங்க."

"கொன்னது அவன். நீ என்னாத்துக்குக் கேக்கற?"

வந்த விஷயத்தைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நான் நினைத்தது தப்பு.

"எனக்கோசரம் நீ உன் தம்பிய குடுக்கறியா? உன்னய நான் கேட்டனா?" என்றார். "தூக்குல போடட்டும்னு என் பையன் சொல்றான், சொந்தக்காரங்க சொல்றாங்க, டீக்கடைல சொல்றாங்க. இப்ப நீயும் வந்து சொல்ற. எனக்கு என்ன வேணும்னு இன்னும் ஒருத்தர் கேக்கல."

"உங்களுக்கு என்னங்க வேணும்?" என்றேன்.

"எங்க வூட்டுக்காரரு கழுத்த நான் என் கையால தொடச்சேன், சித்ரா. போலீசு தொடாதன்னு சொல்லுச்சு, நான் கேக்கல. அதுலேருந்து கழுத்துன்னு நெனச்சாலே எனக்கு ஒடம்பு நடுங்குது. இன்னொரு கழுத்துல கயித்த மாட்டி, அதுவும் இந்த அம்மாவுக்காகத்தான்னு சொன்னா நான் எப்படித் தூங்கறது?"

நான் அழ ஆரம்பித்தேன். அவர் விரலை நீட்டி நிறுத்தினார்.

"நல்லாக் கேட்டுக்க. நான் அவன மன்னிக்கல. இந்த ஜென்மத்துல முடியுமான்னும் தெரியல. மன்னிச்சிட்டாங்கன்னு வெளில போய்ச் சொன்னீன்னா நானே வந்து இல்லன்னு சொல்வேன். தூக்கு வேணாம், அவ்வளவுதான். ஜெயில்ல கெடக்கட்டும். செஞ்சத நெனச்சுக்கிட்டுக் கெடக்கட்டும்."

அதற்கு முன் எனக்கு இரண்டு வழிதான் தெரியும். ஒன்று மன்னிப்பது, அல்லது சாகட்டும் என்று விடுவது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று அன்றைக்கு அந்த வீட்டில்தான் தெரிந்துகொண்டேன்.

உயர் நீதிமன்றத்துக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். நான் தட்டச்சு செய்து தருகிறேன் என்று சொன்னதற்கு, "நீ தொட்டா, மெரட்டி வாங்கிட்டாங்கன்னு பேசுவாங்க," என்று மறுத்துவிட்டுத் தன் கையாலேயே எழுதினார். விஷயம் வெளியே தெரிந்ததும் ஊர் அவரைச் சும்மா விடவில்லை. கட்டிய கணவனுக்குத் துரோகம் செய்கிறார் என்றார்கள். எங்களிடம் ஏதோ வாங்கிக்கொண்டார் என்றும் பேசினார்கள். எல்லாவற்றையும்விட, சரவணன் ஒரு வருடத்துக்கும் மேலாக அவரோடு பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சாப்பாட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுந்து போவாராம். "அவன் கோவம் நாயமான கோவம். அப்பன எழந்தவன். நான் அத மாத்த முடியாது," என்று மட்டும் என்னிடம் சொன்னார். மகனைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை.

தண்டனை ஆயுளாகக் குறைந்தது. தீர்ப்பில் நர்ஸம்மாவின் கடிதத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வேறு காரணங்களைச் சொல்லியிருந்தார்கள். நான் போன் செய்து சொன்னபோது, "அப்படியா, சரி," என்றார். பிறகு, "அம்மாவுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்குது?" என்று கேட்டார்.

அதன் பின் தர்மபுரி பேருந்து நிலையத்தில், மருந்துக் கடையில், யாராவது வீட்டுக் கல்யாணத்தில் என்று எங்கே பார்த்தாலும் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "தம்பிய போய்ப் பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. அம்மா மட்டும் போய் வந்தார். "மனசு வரலீங்க," என்று சொல்லி நழுவுவேன். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நான் பாக்கல, சரி. எனக்குக் காரணம் இருக்குது. நீ எங்க வூட்டுப் பொணத்தக் காட்டி உன் தம்பியப் பாக்காம இருக்காத. அவுங்க ரெண்டு பேரும் எங்க வூட்டு ஆளுங்க."

அந்த மாதமே சேலம் மத்திய சிறைக்கு மனு போட்டுப் போனேன். மாதேஷ் இளைத்து, முன்பக்கம் நரைத்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். பார்த்ததும் அடிக்கவேண்டும்போல இருந்தது. பிறகு, சாப்பிட்டானா என்று கேட்டேன். அவன், "அந்தம்மா ஏதாச்சும் சொன்னாங்களாக்கா?" என்றான். "உன்னய மன்னிக்கலன்னு சொன்னாங்க," என்றேன். தலையை ஆட்டினான். நேரம் முடியும்வரை அவன் அழுதுகொண்டிருந்தான். நானும் அங்கிருந்து நகரவில்லை.

பின்னால் அவன் நர்ஸம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தான். தயங்கித் தயங்கிக் கொண்டுபோனேன். வாங்கி, பிரிக்காமல் பீரோவில் வைத்தார். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து அவராகவே சொன்னார்: "படிச்சேன். நெறையத் தப்பு விட்டு எழுதியிருக்கான். பொய் எழுதல. அது வரைக்கும் சரி. பதில் எழுதற அளவுக்கு எனக்கு இன்னும் வரல." அதற்குப் பிறகும் வந்ததாகத் தெரியவில்லை. அவர் பதில் எழுதாமலே போனார் என்பதை நான் குறையாக நினைக்கவில்லை. இல்லாத மன்னிப்பை இருப்பதாகக் காட்டி எங்களைச் சமாதானப்படுத்தவில்லை என்பதால்தான், அவர் கொடுத்ததை என்னால் முழுதாக நம்ப முடிந்தது.

சரவணன் அழைத்த மறுநாள் போனேன். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சில பெண்கள் என்னை அடையாளம் கண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சரவணனே எழுந்து வந்து, மாலையைப் போட வழிவிடச் சொன்னார். எல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது கேட் வரை வந்தார்.

"நான் மறைக்கலீங்க. அவன தூக்குல போட்டிருக்கணும்னுதான் எனக்கு இன்னிக்கும் தோணுது," என்றார்.

"தப்பில்லீங்க," என்றேன்.

"ஆனா அம்மா கடைசி வரைக்கும் நிம்மதியாத் தூங்குனாங்க. அத நான் பக்கத்துல இருந்து பாத்தேன்." இதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

நர்ஸம்மாவிடமிருந்து எனக்குக் கிடைத்தது என்ன என்று இந்த நாட்களில் யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றைச் சொல்வதற்காக இன்னொன்றை மறைக்காமல் இருக்கும் துணிச்சல் என்று சொல்லலாம். கோபம் இருக்கிறது என்றும் சொன்னார், கொல்லவேண்டாம் என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்.

போன வாரம் அலுவலகத்துக்கு ஒரு பெண் புதிதாக மாற்றலாகி வந்தார். மதியம் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "கூடப் பொறந்தவங்க எத்தன பேருங்க?" என்று கேட்டார். இத்தனை வருடங்களாக யார் கேட்டாலும் நான் ஒருத்திதான் என்று சொல்லி வந்திருக்கிறேன்.

"ஒரு தம்பி," என்றேன். "ரெண்டு பேரக் கொன்னுட்டு சேலம் ஜெயில்ல இருக்கான். சனிக்கிழமை பாக்கப் போறேன்."